பேரு சொன்ன மேடு

ம் கொட்டுங்க. ம் கொட்டாதவுகளுக்குக் கதை இல்ல. பிரி திரிக்கிற கைய நிறுத்தாமக் கேளுங்க, பொழுது எறங்குறதுக்குள்ள இம்புட்டு வைக்கலையும் திரிச்சாகணும்.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம கம்மாய் வருசா வருசம் நெறஞ்சு கெடந்த காலத்துல, இதே வெள்ளக்கரைப்பட்டியில ஒருத்தி இருந்தாளாம். அவ பேரு குருவாயி. நான் பாத்தேனான்னு கேக்காதீக. நான் எங்கிட்டுப் பாக்க! எங்க மாமியா சொன்னா. மாமியாளுக்கு அவ மாமியா சொன்னா. அப்பிடியே மாமியா மாமியாளாப் போய்க்கிட்டே இருந்தீகன்னா, அந்தக் கடைசியில குருவாயி நிப்பா. நான் வாக்கப்பட்டு வந்தது அவ வீட்டுக்குத்தான். அதுல எனக்குக் கொஞ்சம் தெமிரு உண்டு. பொறுத்துக்கங்க.

குருவாயின்னா நீங்க பாட்டுக்குப் பெரிய சண்டைக்காரின்னு நெனச்சுறாதீக. அப்பிடி இல்ல. மாமனாரு எதிர வந்தா சுவரோட சுவரா ஒட்டிக்கிருவாளாம். சிரிச்சாக்கூட முந்தானைக்குள்ளதான் சிரிப்பாளாம். அவ புருசன் பேரு சடையாண்டி. நான் இப்ப லேசாச் சொல்லிட்டேன். அவ சொல்லுவாளா? அந்தக் காலத்துல புருசன் பேரைப் பொண்டாட்டி வாயால சொன்னா அவன் ஆயுசு கொறைஞ்சு போகும்பாக. நெசம்னே நம்புனாக. பேரு மட்டுமில்ல, பேருல ஒட்டிக்கிட்டு இருக்குற வார்த்தைகூட வாயில வராமப் பாத்துக்கிருவாக.

குருவாயிக்கு அப்ப ஒரே ஒரு பொம்பளப்புள்ள. தெனம் காலையில அதுக்குத் தலை பின்னி விடுவா. ஆனா சடைன்னு சொல்ல மாட்டா. "வாடி, தலைய முறுக்கி விடுறேன்"ம்பாளாம். பக்கத்து வீட்டுக்காரிக சும்மா இருப்பாளுகளா? வேணும்னே வந்து கேப்பாளுகளாம். "ஏ குருவாயி, ஒம் மகளுக்கு முதுகுல நீளமாத் தொங்குதே, அதுக்குப் பேரு என்னடி?" இவ தலையத் தூக்காம "கயிறு"ம்பாளாம். "என்னா கயிறு? எருமைக் கயிறா?" "ஆமா, ஒன்னையக் கட்டுறதுக்கு." அம்புட்டுத்தான் அவ வாய். புருசனைக் கூப்புடணும்னா "இந்தாங்க." ரொம்ப அவசரம்னா "எம் மக அப்பா." அதுக்கு மேல கெடையாது.

ம்.

இப்பக் காமன் பண்டிகைச் சேதிக்கு வாறேன். மாசி மாசத்துல ஆமணக்குக் கொம்பு நடுவோமா? ஊரு ஊரா, வீடு வீடா வெறகு, வரட்டி, பிஞ்ச மொறம், தேஞ்ச வெளக்குமாறு எல்லாம் கேட்டு வாங்கிக் கொம்பைச் சுத்திக் குமிப்போமா? பௌர்ணமி அன்னைக்கு நெலா கெளம்பையில கும்மின்னு சொல்றோமே, அந்தக் குமியலை எரிச்சு, மறுநா மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுவோமா? அதெல்லாம் அன்னைக்கும் இருந்துச்சு. எரிக்கிறதுக்கு முந்தி கூத்து. சிவன் வேசக்காரன் தீப்பந்தத்தை நெத்திக்கு நேரா தூக்கிக் காட்டுவான். காமன் வேசக்காரன் கும்மிக்குப் பக்கத்துல தொப்புன்னு விழுவான். ரதி வேசக்காரன் மாரடிச்சு அழுவான். அழுது முடிச்சதும் கும்மிக்குத் தீ.

ஆனா அன்னைக்கு இருந்த கட்டுப்பாடு வேற. காமனுக்குக் காப்புக் கட்டிட்டா அவன் மனுசன் இல்ல, சாமி. அவன் சொந்தப் பேரை யாரும் சொல்லப்படாது. பெத்தவுகளும் சொல்லப்படாது. காமன்னுதான் கூப்புடணும். எரிக்கிற அன்னைக்குக் காலையிலயே அவன் வாயில ஒரு கொட்டைப்பாக்கை வச்சு விட்டுருவாக. முழுப்பாக்கு. கடிக்கக் கூடாது, துப்பக் கூடாது, கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு வாயைத் தெறக்காம இருக்கணும். சாமி பேசப்படாதுல்ல? கும்மியையும் காமனையும் சுத்தி வைக்கப்பிரியை இழுத்து, ஆம்பளைக வட்டமாப் பிடிச்சுக்கிட்டு நிப்பாக. அந்தப் பிரிக்குள்ள பொம்பள காலு படக்கூடாது. காமன் விழுந்துட்டான்னா, தீ அணைஞ்சு சாம்பல் ஆறுற வரைக்கும் எவனும் அவனைத் தொடப்படாது. விடியக்காலம் பூசாரி வந்து அவன் சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்புடுவாரு. பேரு காதுல விழுந்தாத்தான் சாமி எறங்கும். அப்பறம் காப்பை அறுப்பாரு. அவன் பாக்கைத் துப்பிட்டு எந்திரிச்சு வீட்டுக்குப் போவான்.

பூசாரி யாருன்னா, ராக்கன். குருவாயிக்கு மாமனாரு. சடையாண்டியப் பெத்தவரு. மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கிக்கிட்டுத் திரியிற ஆளு.

அதுக்கு முந்துன வருசம் என்ன நடந்துச்சுன்னா, சிரிக்காமக் கேளுங்க, செத்துக் கெடந்த காமனுக்குத் தும்மல் வந்துருச்சாம். ரதி மாரடிச்சு அழுகையில பொணம் "அச்சு!"ன்னுச்சாம். பாக்கு தெறிச்சு ரதி மடியில விழுந்துச்சாம். கம்மாய்க்கு அங்கிட்டு இருக்குற ஊர்க்காரனுக வேடிக்கை பாக்க வந்துருந்தானுக. விடுவானுகளா? வருசம் பூராவும் இதே பேச்சு. சந்தைக்குப் போனா, "ஏம்ப்பா, ஒங்க ஊர்ல பொணத்துக்குச் சளி பிடிக்குமாமே?" பொண்ணு கேட்டுப் போனா, "ஒங்க ஊர்ல செத்தவன் தும்மவும் செய்வானாம்ல, எதுக்கும் பாத்துத் தூக்குங்க." ராக்கனுக்கு மீசையே எறங்கிப் போச்சாம்.

அதனால அந்த வருசம் அவரே எந்திரிச்சுச் சொல்லிட்டாரு. "இந்தத் தடவ காமன் எம் மகன். எப்பிடிச் சாகணும்னு அவன் காட்டுவான்."

எப்பிடி எல்லாம் வார்த்தைய விட்டுட்டு இருக்காரு பாருங்க. எனக்கு இப்பச் சொல்லையிலயும் ஒடம்பு கூசுது.

சடையாண்டி நல்ல மனுசன். அப்பன் சொல்லைத் தட்ட மாட்டான். சாயங்காலம் சாயங்காலம் மாட்டுக் கொட்டத்துல வைக்கலைப் பரப்பி விழுந்து பாப்பானாம். குருவாயி தண்ணி தொட்டிக்குப் பக்கத்துல நின்னு பாப்பா. ஒரு கை நெஞ்சுல, ஒரு கை தரையில, காலு ரெண்டும் நீட்டி, அப்பிடியே மரக்கட்டை. ஈ உக்காந்தாக்கூட அசைய மாட்டான். மாடு வந்து மோந்து பாத்துட்டுப் போகுமாம். அவ மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாளாம். கடைசியில அவளுக்கே பயம் வந்து, "இந்தாங்க, போதும், எந்திரிங்க"ம்பா. அவன் ஒத்தக் கண்ணைத் தெறந்து சிரிப்பான். தெனம் இதே கூத்து. இதை நெனப்புல வச்சுக்கங்க. அவன் எப்பிடி விழுவான்னு ஊர்ல வேற யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

ம்.

பௌர்ணமி வந்துச்சு. காலையில ராக்கன் பாக்குப் பொறுக்குறாரு. போன வருசம் சின்னப் பாக்கா இருந்ததாலதான் தும்மலோட தெறிச்சுப் போச்சுன்னு அவரு கணக்கு. இருக்குறதுலயே பெரிய பாக்காப் பாத்து, தன் கையாலயே மகன் வாயில வச்சாரு. "இனிமே வாயைத் தெறக்காத. உசுரே போனாலும் அசையாத." சடையாண்டி தலைய ஆட்டுனான். அவனால பேச முடியாதுல்ல?

பொழுது சாயையில இந்த மேட்டுல கூட்டம். கம்மாய்க்கு அங்கிட்டு ஊரே வந்துருச்சாம், பொணம் தும்முறதைப் பாக்க. முன்னால உக்காந்து இப்பவே மூக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானுக. பிரியை இழுத்து ஆம்பளைக வட்டம் கட்டிட்டாக. பொம்பளைக பிரிக்கு வெளிய. குருவாயி மகளை இடுப்புல வச்சுக்கிட்டு, வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னு ஓரமா நிக்கிறா. ஆனா அவ கண்ணு மட்டும் அவன் மேல. மாலையும் கிரீடமுமா நிக்கிறானே, யாரு வீட்டு ஆளுன்னு மனசுக்குள்ள ஒரு பூரிப்பு இருந்துருக்கும். இருக்காதா?

ரதி வேசம் போட்டவன் பொன்னான். நல்ல தொண்டை. அவன் வம்சத்துக்காரவுக இங்க ரெண்டு மூணு பேரு உக்காந்துருக்கீக. இனிமே நான் சொல்லப்போறதுக்கு மூஞ்சியத் தூக்கக்கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.

சிவன் தீப்பந்தத்தைத் தூக்குனான். நெத்திக்கு நேரா காட்டுனான். பறையும் தவுலும் ஒண்ணா எறங்குச்சு. சடையாண்டி கைய விரிச்சு, அப்பிடியே மல்லாக்க விழுந்தான்.

விழுந்த அதிர்ச்சியில பாக்கு தொண்டைக்குள்ள போயிருச்சு.

ஆத்தாடி! பாக்கு போச்சுன்னு யாருக்குத் தெரியும்? வாய் மூடியிருக்கு. சத்தம் வரல. மூச்சுப் போற வழிய அடைச்சுக்கிட்டா சத்தம் எங்கிட்டு வரும்? அவன் கையி கழுத்துக்குப் போச்சு. காலு மண்ணைப் பறிச்சுச்சு. குதிகாலு பட்ட எடத்துல குழி விழுந்துச்சாம். கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. ஒடம்பு வில்லு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு விழுகுது.

ஊரு என்ன பண்ணுச்சு?

கை தட்டுச்சு.

கேளுங்க, கேளுங்க. கை தட்டுச்சுங்கிறேன். "அடேங்கப்பா! பாருய்யா சாவை!"ங்கிறான் ஒருத்தன். "இம்புட்டு வருசத்துல இப்பிடி ஒரு காமன் செத்ததில்ல"ங்கிறான் இன்னொருத்தன். சிரிக்க வந்த அந்த ஊர்க்காரனுகளும் எந்திரிச்சு நின்னு தட்டுறானுக. சீட்டி அடிக்கிறானுக. தவுல்காரனுக்கு உற்சாகம் வந்து இன்னும் வேகமா அடிக்கிறான். ராக்கன் மீசைய முறுக்கிக்கிட்டு நெஞ்சை நிமித்துறாரு. "எவன்டா தும்முனான்னு சொன்னவன்? பாருடா! எம் மகனை மாதிரி எவனாச்சும் சாவானாடா?" பெத்த தகப்பன் சொன்ன வார்த்தை இது. எங்க மாமியா இந்த எடத்துல நிறுத்தி, தண்ணி குடிச்சுட்டுத்தான் மேக்கொண்டு சொல்லுவா.

பொன்னான் மட்டும் பக்கத்துல இருக்கான். ரதி இல்லையா? ஒரு முழந்தான் தள்ளி உக்காந்து அழணும். அவன் மூஞ்சியப் பாத்துட்டான். ஒதடு நீலமாப் போறதைப் பாத்துட்டான். பாத்தான்ங்கிறேன்! ஆனா ஒப்பாரிய நடுவுல நிறுத்துனா ஊருக்கு ஆகாது, தொட்டா தொட்டவன் வீடு வெளங்காதுன்னு சொல்லி வச்சுருக்காகளே. நிறுத்தல. சத்தத்தைக் கூட்டுனான். "மாலை வாடலையே சாமி, மஞ்சளும் காயலையே, கண்ணு சொருகுதே, என்னையக் கண்டெடுத்த ராசாவே"ன்னு தொண்டை கிழியப் பாடுறான். நெசமான கண்ணீரு மையைக் கரைச்சுக்கிட்டு ஓடுது. அதுக்கும் கை தட்டுறாக. "ரதியும் இன்னைக்கு நெசமாவே அழுகுதப்பா!" பாவம், அவன் சொல்லத்தான் பாத்தான். பாட்டுக்குள்ள வச்சுச் சொன்னான். பாட்டுன்னு நெனச்சுக் கேட்டாக.

குருவாயி பாக்குறா. மொதல்ல அவளுக்கு ஒண்ணும் வெளங்கல. "இது இல்லையே"ங்கிறா. வாய்விட்டே சொல்லிட்டா. "வீட்டுல காமிச்சது இது இல்லையே."

பக்கத்துல நின்னவ, "என்னடி?"ங்கிறா.

"அவுக அசைய மாட்டாக. ஈ உக்காந்தாலும் அசைய மாட்டாக. இது அவுக பண்ணல. அவுகளுக்கு என்னமோ ஆகுது!"

"அட சும்மா இருடி, ஒம் புருசன் என்னமா நடிக்கிறான், பாக்க விடு."

புள்ளைய அவ கையில திணிச்சுட்டு குருவாயி ஓடுனா. மாமனாருகிட்ட ஓடுனா. வாழ்க்கையில மொதத் தடவ அவரு மூஞ்சிக்கு நேரா நின்னா. "மாமா, அவுகளைத் தூக்குங்க. நெசமாவே மூச்சுத் திணறுது. நீங்க பேரைச் சொல்லுங்க மாமா, கூத்தை நிறுத்துங்க!"

ராக்கன் திரும்பிக்கூடப் பாக்கல. "அங்கிட்டுப் போ. சாம்பல் ஆறாமப் பேரைச் சொன்னா ஊருக்கு மழை இருக்காது. பொம்பளைக்கு இங்க என்ன வேலை?"

"மாமா, ஒங்க மகன் மாமா!"

"அதான் சொல்றேன், எம் மகன். அவன் எப்பிடிச் சாவான்னு எனக்குத் தெரியும். போ."

அங்கிட்டு சடையாண்டிக்குக் காலு பறிக்கிற வேகம் கொறைஞ்சு போச்சு. கழுத்துல இருந்த கையி நழுவி மண்ணுல விழுந்துச்சு. ஊரு "ஆகா"ங்குது. "உசுரு அடங்குறதைப் பாருய்யா, உசுரு அடங்குறதைப் பாரு!" சிவன் வேசக்காரன் தீப்பந்தத்தோட கும்மிய நோக்கி நடக்குறான். தீ வச்சுட்டா அப்பறம் விடியிற வரைக்கும் ஒருத்தனும் கிட்டப் போக மாட்டான்.

குருவாயி பிரிக்குள்ள நுழையப் பாத்தா. ஆம்பளைக நெருக்கமா நிக்கிறாக, எலி நுழையாது. முட்டிப் பாத்தா. குனிஞ்சு பாத்தா. "எம் மக அப்பா!"ன்னு கத்திப் பாத்தா. தவுலுச் சத்தத்துல அது எங்கிட்டுக் கேக்கும்? கேட்டாத்தான் என்ன? ஊர்ல பாதிப்பேரு எவ மகளுக்கோ அப்பன்தான்.

அவ என்ன நெனச்சிருப்பா? சொன்னா ஆயுசு கொறையும். சொல்லாட்டி ஆயுசே இல்ல. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நாம லேசாச் சொல்லிருவோம். கண்ணாலம் ஆன நாளையிலருந்து வாயைக் கட்டிக்கிட்டு இருந்தவளுக்கு அது லேசில்ல. அது வரைக்கும் அவ ஒரு நாளும் தெருவுல கொரலை ஒசத்திப் பேசுனவ இல்ல.

அவ கொடலைப் பிடுங்கிப் போடுற மாதிரிக் கத்துனாளாம்.

"சடையாண்டீ!"

தவுலு நின்னு போச்சு.

"சடையாண்டீ! ஏ சடையாண்டீ!"

பாத்தவுக சொன்னது, கேட்டவுக சொன்னது. அந்தக் கூட்டம் பூராவும் அப்பிடியே வெறச்சுப் போச்சாம். கட்டுன பொண்டாட்டி, ஊரு நடுவுல, சாமி முன்னால, புருசன் பேரைச் சொல்லிக் கூப்புடுறா! ஒருத்தன் ரெண்டு பேரு இல்ல, அம்புட்டு ஆம்பளையும் பதறிப்போயி ரெண்டு கையாலயும் காதைப் பொத்துனானாம்.

காதைப் பொத்துனா பிரியை யாரு பிடிக்க?

பிரி கீழ விழுந்துச்சு. குருவாயி அதை மிதிச்சுக்கிட்டு உள்ள ஓடுனா. அவனைப் பொரட்டிக் குப்புறப் போட்டு, முழங்கால் மேல வயித்தைத் தாங்கி, முதுகுல விட்டா அடி. கன்னுக்குட்டி பனங்கொட்டைய முழுங்கிட்டா அடிப்போமே, அந்த அடி. இன்னொரு அடி. இன்னொண்ணு. அடிக்கு ஒரு பேரு. "சடையாண்டீ!" அடி. "சடையாண்டீ!" அடி. கிரீடம் ஒரு பக்கம் உருளுது, மாலை பிஞ்சு தொங்குது. சாமி வேசத்துல இருக்குறவனைப் பொம்பள போட்டு அடிக்கிறாளேன்னு ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

பாக்கு வெளிய விழுந்துச்சு. எச்சியும் ரத்தமுமா விழுந்து உருண்டு, ராக்கன் காலடியில போயி நின்னுச்சு.

சடையாண்டி ஒரு மூச்சு இழுத்தான். அந்தச் சத்தம் இருக்கே, துருப்பிடிச்ச கெணத்துக் கமலை உருளை சுத்துற மாதிரி இருந்துச்சாம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஊருக்கு வெளங்குச்சு.

வெளங்கிட்டா என்ன பண்ணணும்? அவளைக் கும்புடணும். ஊரு கும்புட்டுச்சா? நீங்க வேற. ஊருக்கு மொதல்ல வாயிதான் வரும், புத்தி பின்னாலதான் வரும். "பேரைச் சொல்லிட்டாளே!" "பிரியத் தாண்டிட்டாளே!" "இனி மழைக்கு எங்க போக?" "இவளை வீட்டுல வச்சுருந்தா ஊருக்கே கேடு." ராக்கனுக்கு வந்தது பயமா கோவமான்னு அவருக்கே தெரியாது. குருவாயிப் பக்கம் கைய நீட்டி, "எம் மகன் பேரைச் சந்தி சிரிக்கச் சொன்னவ எம் வாசப்படி மிதிக்கக்கூடாது"ன்னுட்டாரு.

புருசன் தலையக் குருவாயி மடியில வச்சுக்கிட்டு ரெண்டு கையாலயும் தன் வாயைப் பொத்திக்கிட்டாளாம். நெசமாவே ஆயுசைக் கொறைச்சுட்டமோன்னு அவளுக்கும் பயம். அவளும் அந்த ஊர்க்காரிதானே.

சடையாண்டி எந்திரிச்சு உக்காந்தான். கையைக் காட்டுனான். எல்லாரும் வாயை மூடுனாக. அவனுக்குக் கொரலு வரல. காத்துத்தான் வருது. அந்தக் காத்தை வச்சு ஒண்ணு சொன்னான்.

"நீங்க கை தட்டுனது எனக்குக் கேட்டுச்சு."

சிவன் வேசக்காரன் தீப்பந்தத்தைத் தாழ்த்திப் பிடிச்சான்.

"செத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு தெரியல. கை தட்டு மட்டும் கேட்டுச்சு. யாராச்சும் வருவாக, வருவாகன்னு பாத்தேன். இன்னும் சத்தமாத் தட்டுனீக."

அப்பறம் தகப்பனைப் பாத்தான். கோவமாப் பாத்துருந்தாலும் பரவாயில்ல. அழுதுக்கிட்டே பாத்தானாம். "நீங்க பேசுனதும் கேட்டுச்சப்பா. எம் மகனை மாதிரி எவன் சாவான்னு கேட்டீகளே. அதுதான் எனக்குக் கடைசியாக் கேட்டது. அதுக்கப்பறம் இவ கூப்புட்டா."

ராக்கன் அப்பிடியே மண்ணுல உக்காந்துட்டாரு. பாக்கு காலுக்கிட்டயே கெடக்கு. அவரு பொறுக்கி எடுத்து வச்ச பாக்கு. இருக்குறதுலயே பெருசு. அதைக் கையில எடுத்துப் பாத்தாராம். பாத்துக்கிட்டே இருந்தாராம். பெறகு தலையில அடிச்சுக்கிட்டு அழுதாரு பாருங்க, பொன்னான் அழுத ஒப்பாரி எல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லையாம். அந்தக் கூட்டத்துல நின்ன அம்புட்டுப் பேரும் தன் கையத் தானே பாத்துக்கிட்டு நின்னாகளாம். எங்கிட்டு வைக்கிறதுன்னு தெரியாம ஒருத்தன் இடுப்புல சொருகுறான், ஒருத்தன் துண்டுக்குள்ள மறைக்கிறான்.

நெலா மேல ஏறிக்கிட்டு இருக்கு. கும்மி எரியாம நிக்குது. தீ வைக்கிறதா வேண்டாமான்னு சொல்ல ஆளு இல்ல. அப்ப ராக்கன் எந்திரிச்சு, பாக்கைக் கும்மிக்குள்ள வீசி எறிஞ்சாரு. மருமக முன்னால வந்து நின்னாரு. கும்புடல, ஆனா தலை குனிஞ்சுச்சு. "ஆத்தா, இன்னொரு தடவ கூப்புடு. அவன் இருக்கேன்னு சொல்லட்டும். அதைக் கேட்ட பெறகுதான் இந்தக் கையால தீ வைப்பேன்."

குருவாயி கூப்புட்டாளாங்கிறீக? அதுதான் இல்ல. வாயைத் தெறக்குறா, வரல. தெறக்குறா, வரல. உசுரு போற நேரத்துல வந்த பேரு, உசுரு வந்த பெறகு வர மாட்டேங்குது. வெக்கம் வந்து அடைச்சுக்கிருச்சு. கடைசியில முந்தானைக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டு, அவனுக்கு மட்டும் கேக்குற மாதிரி, "இந்தாங்க"ன்னாளாம்.

"இருக்கேன்"னான் அவன்.

அவன் சொல்லி வாய் மூடல, வெளிய நின்ன பொன்னான் பொண்டாட்டி ஒரு சத்தம் போட்டா பாருங்க. "ஏ பொன்னான்!" ரதி வேசத்துல மை வழிய நின்னவன் திடுக்குன்னு நிமிந்து, "இருக்கேன்டி"ன்னான். அவளுக்கு அடுத்தவ அவ புருசனைக் கூப்புட்டா. அதுக்கு அடுத்தவ. "ஏ ஒச்சு!" "இருக்கேன்." "ஏ மொக்கை!" "இருக்கேன்." ஒருத்தியும் பாக்கி இல்ல. கண்ணாலம் ஆன நாளையிலருந்து நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சுருந்த பேரெல்லாம் அன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. அம்புட்டு ஆம்பளையும் இருக்கேன் இருக்கேன்னு சொன்ன பெறகுதான் ராக்கன் தீ வச்சாரு.

அந்த வருசம் மழை பேஞ்சுச்சான்னு கேப்பீக. பேஞ்சுச்சு. கம்மாய் நெறஞ்சு மறுகால்ல தண்ணி போச்சு. சடையாண்டி காடு கழனி பாத்து, ஆம்பளப்புள்ளையும் பெத்து, பேரன் பேத்தி எடுத்து, தலை நரைச்சுத்தான் போயிச் சேந்தான். ஆனா கொரலு மட்டும் கடைசி வரைக்கும் அந்தக் காத்துதானாம். அவன் காமன் வேசம் மறுபடி கட்டல. ராக்கன் மீசைய முறுக்குறதையும் விட்டுட்டாரு.

அன்னையிலருந்து இது பேரு சொன்ன மேடு. நம்ம ஊர்க் காமன் வாயில பாக்கு இல்ல. பாக்கைக் கும்மியில போட்டுருவோம். காமன் விழுந்ததும் அவன் வீட்டுக்காரி பிரியத் தாண்டி உள்ள போயி, பேரைச் சொல்லிக் கூப்புடுவா. அவன் இருக்கேன்னு சொல்லணும். அதுக்கப்பறம் நாம எல்லாரும் அவுகவுக வீட்டு ஆளைக் கூப்புடுவோம். ஆளை இழந்தவளும் கூப்புடுவா. அவ கூப்புட்டா பதில் வராது. அந்தப் பேரு காத்துல போயி அடங்குற வரைக்கும் ஊரே பேசாம நிக்கும். அப்பறந்தான் தீ.

குருவாயி கதை மேடேறிருச்சு. நெலாவும் அங்கிட்டுச் செவப்பாத் தலை காட்டுது. திரிச்சது போதும், எந்திரிங்க.

ஒண்ணே ஒண்ணு. வெளியூரு ஆளுக வந்துருக்காக. "இம்புட்டு நல்லா விழுந்தான், ஒரு கை தட்டக்கூட இல்லையே, என்ன ஊருய்யா இது"ம்பாக. சொல்லிட்டுப் போகட்டும். நீங்க தட்டாதீக. காமன் விழுந்தா கையப் பின்னால கட்டிக்கிட்டு, அவன் நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாருங்க.